ஒற்றை இருக்கை

சேசு மரி சூசை துணை

நீடாமங்கலம்
7.3.1999

அன்புள்ள மகன் ஜெனித்துக்கு அம்மா சொல்லச் சொல்ல பிரின்ஸி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நாங்கள் மூன்று பேரும் சுகம், அங்கே உன் உடம்புக்கும் ஒரு குறை வரக்கூடாதென்று செபமாலையில் தினமும் உன் பெயரைச் சொல்கிறேன். சம்பா அறுத்தாயிற்று, உளுந்து நன்றாகக் காய்த்திருக்கிறது, அப்பாவின் மூட்டுவலி பரவாயில்லை. நீ விமானத்தில் உட்கார்ந்திருக்கிற போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டோம். வயல் வேலைக்கு வந்த வைரக்கண்ணு அதைப் பார்த்துவிட்டு, என்னக்கா, குழாயை நட்டுத் துணி கட்டிருக்கு, தம்பி கல்யாணப் பந்தல்ல உக்காந்திருக்கான்னு சிரிக்கிறான். அது பழகுற வண்டிடா, பெரிசை அப்புறம்தான் குடுப்பாங்கன்னு சொன்னேன், சரிதானே? டாக்டர் சோதனை என்று மறுபடி கேட்டால் பழைய விஷயத்தைச் சொல்லிவிடாதே, இல்லை என்றே எழுது. வேண்டுதல் முடித்த அன்றோடு அது போய்விட்டது. வெளியே தெரிந்தால் நாளைக்குப் பிரின்ஸிக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்? நேரத்துக்குச் சாப்பிடு, பூசையை விடாதே. அப்பா அம்மா ஆசீர்வாதம்.

அண்ணா, இதுவரை அம்மா சொன்னது. காலையில் ஒட்டிப் போடு என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள், நான் அடுப்படியில் உட்கார்ந்து மிச்ச இடத்தில் எழுதுகிறேன். போட்டோவோடு எனக்கென்று இங்கிலீஷில் வைத்திருந்தாயே ஒரு துண்டுத்தாள், அதை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. விடுதியில் உனக்கு வலிப்பு வந்ததைக் கூட இருந்தவன் பார்த்துச் சொல்லிவிட்டான், பைலட் பள்ளியில் நிறுத்திவிட்டார்கள், இப்போது கிளப்பில் குட்டி விமானம் ஓட்டுகிறேன், இந்த நாட்டில் அதற்கு லைசென்ஸும் வேண்டாம் டாக்டரும் வேண்டாம், முதல் தடவையாகத் தனியாகப் பறக்கிறேன் என்று ஏதோ பரிசு வாங்கினவன் மாதிரி எழுதியிருக்கிறாய். பள்ளி விமானத்தில் பக்கத்தில் வாத்தியார் இருப்பார், அவருக்கும் தனியாக ஒரு பிடி உண்டு, நான் தப்பாகத் திருப்பினால் அவர் பிடித்துக்கொள்வார் என்று நீதானே முன்னால் எழுதினாய்? இதில் ஒரே இருக்கை. அந்த விமானத்தை நான் குறை சொல்லவில்லை, உடம்பு நன்றாக இருப்பவர்கள் ஆசைக்குப் பறக்கட்டும். உன்னை யாரும் கேட்கவில்லை என்பதற்காக உனக்கு நோய் இல்லை என்று ஆகிவிடுமா?

நடவு நாளில் நீ வாய்க்காலில் விழுந்தது எனக்கு மறக்கவில்லை. தண்ணீர் கணுக்கால் அளவுதான். முகம் சேற்றில் கவிழ்ந்து கிடந்தது, வைரக்கண்ணு அண்ணன் ஓடிவந்து புரட்டிப்போட்டதால் பிழைத்தாய். மேலே யார் ஓடி வருவார்கள்? வேண்டுதலுக்கு அப்புறம் அம்மா உன் மாத்திரையைக் குப்பையில் கொட்டினார்கள், நானும் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். அந்த வருஷமே மறுபடி உனக்கு வந்ததை நாம் இரண்டு பேரும் சேர்ந்து மறைத்தோம். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. எனக்கு வரன் வராவிட்டால் போகிறது, என் பேரைச் சொல்லி நீ இல்லை என்று எழுத வேண்டாம்.

போட்டோவின் பின்னால் கிளப்பின் முகவரி முத்திரை இருக்கிறது. அந்த முதலாளிக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உன் வலிப்பைப் பற்றி ஒரு கடிதம் எழுதி என் ஜியாமெட்ரி பாக்ஸில் மடித்து வைத்திருக்கிறேன். வருகிற 28ஆம் தேதி குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும், நீ வழக்கமாகக் கூப்பிடும் ஹமீதா பானு அக்காவின் டெலிபோன் பூத்துக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவேன். நம் ஊர் நேரம் காலை பதினோரு மணிக்குக் கூப்பிட்டு நீயே அப்பாவிடம் சொல், அதுவரை ஏறாதே, டாக்டரைப் பார். போன் வராவிட்டால் திங்கட்கிழமை அந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். அம்மா என்னை அடிப்பார்கள், நீ என்னோடு பேசவே மாட்டாய், தெரியும். பேசாவிட்டால் போ, உயிரோடு இருந்து கோபப்படு.

ஆசீர்வாதம் மேலே அம்மா சொன்னதுதான், அதில் பாதி என்னுடையது.

உன் தங்கை
பிரின்ஸி