அப்பா ஓட்டும் உன் சைக்கிள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பாதி நலம் என்றுதான் எழுத வருகிறது. பதறாதே, யாரும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாலே உன் அப்பா பக்கத்து அறையிலிருந்து வந்து நின்றுகொள்கிறார், நீயும் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதே. உன் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன வாரம் வந்திருந்தாள், வாண்டு நாற்காலியைப் பிடித்து நிற்கிறது, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிறது. மாடி வீட்டுக் குழாய் இன்னும் நம் சுவரில்தான் ஒழுகிக்கொண்டிருக்கிறது, கேட்டால் நாளைக்கு என்கிறார்கள், அந்த நாளை வந்தபாடில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போயிருக்கின்றன. எத்தனை நாளாக என்று கேட்டால் இப்பத்தான் என்கிறார், பொய். என்னிடம் மூச்சு விடவில்லை மனிதர். கண்ணாடிக் கடை முதலாளிதான் போன் செய்தார், அண்ணி, அண்ணன் ஸ்க்ரூவை மாட்டும்போதெல்லாம் கீழே போடுறார், தேடிக் குனிஞ்சா எந்திரிக்க நேரமாகுது, கொஞ்சம் என்னன்னு பாருங்க என்றார். இருபத்தாறு வருஷமாகக் கடுகளவு ஸ்க்ரூவை மூக்குக் கண்ணாடியில் பூட்டிக் கொடுத்த கை அது. அன்று சாயங்காலம் அவரை உட்காரவைத்து, ஒரு காகிதத் துண்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொடுத்து, விடாமல் பிடியுங்கள் என்று சொல்லி இழுத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குச் செய்த சோதனைதான். காகிதம் சும்மா வந்துவிட்டது. அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட் என்ற பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. முட்டி வலி, இடுப்பு வலி, கை மரப்பு என்று எங்கெங்கிருந்தோ சைக்கிளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள், நானும் ஸ்டாண்டில் ஏற்றி மிதிக்கச் சொல்லி, முட்டியிலிருந்து குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டுப் பார்த்து, சீட்டை அரை விரல் ஏற்று, ஹேண்டிலைக் கிட்டக் கொண்டு வா என்று அவரவர் உடம்புக்குத் தக்கபடி பொருத்திக் கொடுக்கிறேன். பக்கத்து வீட்டம்மா கூட, இவங்க சைக்கிளுக்கும் வைத்தியம் பாக்குறாங்க என்று கேலி பேசுவாள். என் வீட்டிலேயே ஒரு மனிதர் நாலு வருஷமாகக் காலையும் மாலையும் உன் சைக்கிளில் கடைக்குப் போய் வருகிறார், அவர் அதில் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு நாள் நின்று பார்த்தேனா? நான் அவருக்கு முன்னால் கிளம்புகிறேன், அவர் வந்த பிறகு வருகிறேன், அவ்வளவுதான் சாக்கு.

ஞாயிற்றுக்கிழமை அவரையும் சைக்கிளையும் நான் வேலை பார்க்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் ஸ்டாண்டில் ஏற்றினேன். என்னோடு வேலை பார்க்கும் பெண்ணும் இருந்தாள். அப்பா நாலு மிதி மிதித்ததும் அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். கால் எட்டாமல் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது, ஹேண்டில் எட்டாமல் கையை விறைப்பாக நீட்டி உடம்புப் பாரம் முழுக்க உள்ளங்கையில் இறக்கியிருக்கிறார். சுண்டு விரலுக்குப் போகிற நரம்பு அங்கேதான் ஓடுகிறது, நாலு வருஷமாக அதை நசுக்கியிருக்கிறார். சீட் ஒரு நூல் கூட இறங்கவில்லை. நீ ஊருக்குப் போகும் முன்னால் நான் உனக்காக அளந்து, சீட் கம்பியில் சிவப்பு நகப் பூச்சால் கோடு போட்டேனே, அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, கிளம்புகிற அன்று, அப்பா நீங்க ஓட்டிக்கிட்டு இருங்க, சும்மா நின்னா வீணாப் போயிடும், ஆனா சீட்டை மட்டும் இறக்கிடாதீங்க, அம்மா என் உசிரை எடுத்து அளந்து வெச்சது என்று சொன்னாய். நீ விளையாட்டாகச் சொன்னாய். அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

நான் ஸ்பேனரை எடுத்து சீட்டைத் தளர்த்தப் போனேன். அப்பா இறங்கி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார், அந்த வலது கையால்தான், பிடியில் பலமே இல்லை. அதைத் தொடாதே, புள்ள வந்து ஏறினா அவனுக்குச் சரியா இருக்கணும் என்றார். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ, அவன் வரமாட்டான், நாலு வருஷமா அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு சொல்றான், வரவே மாட்டான் என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் நைசாக வெளியே போய்விட்டாள். அப்பா சைக்கிளை இறக்கித் தள்ளிக்கொண்டு போனார். அதிலிருந்து வீட்டில் உப்பு இருக்கா, கதவைச் சாத்தினியா, இதற்கு மேல் பேச்சில்லை. ஓட்டக் கூடாது என்று நரம்பு டாக்டரும் சொல்லிவிட்டார், அதனால் தினமும் கடைவரைக்கும் தள்ளிக்கொண்டே போகிறார். ஏன் என்று கேட்டால் சக்கரம் இறுகிப்போகுமாம். தெருவே பார்க்கிறது, எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை.

டாக்டர் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். அழுத்தம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் சில மாதத்தில் கை திரும்பலாம். மறுபடி அதே மாதிரி ஏறி ஓட்டினால் கட்டை விரல் பக்கத்துச் சதை வற்றிவிடும், அப்புறம் ஸ்க்ரூ இல்லை, கடை இல்லை. அவரோ, கொஞ்ச நாள் போனா சரியாயிடும், அடுத்த மாசத்திலேருந்து ஓட்டப் போறேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். கடை இல்லாமல் உன் அப்பா வீட்டில் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லையடா.

அன்று நான் சொன்னது நிஜமா பொய்யா என்று எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, அங்கே உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். வருகிறாய் என்றால் என்றைக்கு என்று தேதி போட்டு எழுது. வர முடியாது என்றால் அதையும் எழுது, அடுத்த வருஷம் என்று மட்டும் எழுதாதே. எப்படியானாலும் சீட்டை இறக்கிக்கோங்கப்பா என்று நீயே எழுத வேண்டும், நான் சொல்லி அவர் கேட்க மாட்டார். உன் சீட் அளவு எழுபத்தாறரை சென்டிமீட்டர், என் நோட்டில் இருக்கிறது. எந்த வருஷம் வந்தாலும் பத்து நிமிஷத்தில் ஏற்றிக் கொடுத்துவிடுவேன், அதற்காக யாரும் கையைப் பறிகொடுக்க வேண்டியதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிருக்குக் காதை மூடிக்கொள், குனிந்து உட்கார்ந்தே வேலை செய்யாதே. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். பதிலை எனக்கு எழுதாதே, அப்பாவுக்கே, கடை முகவரிக்கு எழுது. உறையை அழுத்தி ஒட்டிவிடாதே, லேசாக ஒட்டு. அவரால் இப்போது கிழிக்க முடிவதில்லை.

உன்
அம்மா