பச்சைக் கப்பல் கேசட்டும் உன் பத்துப் பாட்டும்

அன்பு மகன் பரிதிக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நானும் மைக் செட்டும் சுகம், இரண்டுக்கும் கொஞ்சம் இரைச்சல் உண்டு. லண்டனில் நீ சுகமாக இருப்பது உன் பாட்டைக் கேட்டாலே தெரிகிறது, கஷ்டப்படுகிறவன் இவ்வளவு சோம்பலாகப் பாடமாட்டான். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்று, கூத்தாநல்லூரில் கேசட் கடை மீரா உசேனின் மகள் ஷமீராவிடம் வந்து உட்கார்ந்து சொல்கிறேன். எதையும் மெத்தென்று மாற்றி எழுதக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

அடுத்த மாதம் வெளியே வரப்போகிற மூன்றாவது ஆல்பத்தை எனக்கு முதலில் அனுப்பி, பத்துப் பாட்டும் எப்படி அப்பா, விடலாமா என்று கேட்டாய். எனக்கு எழுத்துத் தெரியாது, காது தெரியும். இவள் அப்பா கடையில் பதினோரு வருஷம் கேசட் பதிந்தவன் நான். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்த இங்கிலீஷ் கேசட் ஒன்றுக்கும் பேர் தெரியாது, அட்டைப் படம்தான் அடையாளம். நாய் பிடித்த மொட்டையன், எரிகிற நாற்காலி, பச்சைக் கப்பல். பச்சைக் கப்பலில் இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டில் டிரம்ஸ்காரன் ஓர் அடி தவறிவிடுவான், கிட்டார்காரன் அவன் வந்து சேரும்வரை ஒரே கம்பியைத் தட்டிக்கொண்டு நிற்பான். அப்படி நிற்பதுதான் பாட்டு. உன் முதல் ஆல்பத்தில் சுருதி இல்லை, பசி இருந்தது. இரண்டாவதில் சுருதி வந்தது, பசி போய்விட்டது. இதில் இரண்டும் இல்லை, மிஷின் டிரம்ஸ் இருக்கிறது. அது தவறுவதே இல்லை, அதனால் யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. உன் குரல் ஜலதோஷம் பிடித்த வெள்ளைக்காரன் குரல். மூன்றாவது பாட்டு அறுவடை மிஷின் சேற்றில் மாட்டிக்கொண்ட மாதிரி, சத்தம் இருக்கிறது, நகரவில்லை. அதோடு நிறுத்திவிட்டேன். பத்தையும் கேட்டேன் என்று போனில் உன்னிடம் சொன்னது பொய்.

அந்தப் பொய்க்குப் போன வெள்ளிக்கிழமை தண்டனை கிடைத்தது. பக்கத்து வீட்டு சாவித்திரி பேத்திக்குக் காதுகுத்து, நம் மைக் செட்தான். உங்க மவன் பாட்டப் போடுங்கண்ணே, ஊரே கேக்கட்டும் என்றாள். மகன் என்றதும் எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது, போட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது பாட்டுவரை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆசாரி ஊசியை எடுக்கிற நேரம் குழாய் ஸ்பீக்கரில் உன் ரெத்தினம் அத்தை ஒப்பாரி வைக்கிறாள். தை மாதம் உன் அம்மா காளியம்மாள் செத்தபோது, மேடை இருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்று வீடியோ காலில் பார்த்தாயே, பார்த்ததோடு நிற்காமல் பதிந்து, அதைப் பத்தாவது பாட்டாகவும் வைத்திருக்கிறாய். அத்தை எனக்கு எதிர் வரிசையில் பாயசத்தோடு உட்கார்ந்திருந்தாள், தன் குரலைக் கேட்டதும் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள். ஒப்பாரிச் சத்தம் கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு வருவது நம் வழக்கம் இல்லையா, நடவு வயலில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு சேற்றுக்காலோடு பந்தலுக்குள் வந்துவிட்டார்கள். வயதைப் பார்த்தால் செத்தது நான்தான் என்று முடிவு கட்டி மேலத்தெருக்காரன் ஒருவன் மாலையே வாங்கி வந்துவிட்டான். என்னைப் பார்த்து, இருக்கீங்களா என்று கேட்டான், கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் கேட்டான். மாலையை வாங்கி ஸ்பீக்கருக்குப் போட்டேன். அந்தப் பிள்ளைக்கு இன்னும் காது குத்தவில்லை, சாவித்திரி என்னோடு பேசுவதில்லை.

மறுநாள் காலையில் அத்தை வந்து திரும்பப் போடச் சொல்லி முழுசும் கேட்டாள். கொள்ளி வைக்க வரல, கொட்டு வைக்க மட்டும் வந்துட்டான் மருமவன் என்றாள். அப்புறம், வுடச் சொல்லுண்ணே, எம் பேரு முன்னால வரணும் என்றாள். என் தீர்ப்பும் அதுதான். ஒன்பது பாட்டைத் தூக்கிக் குப்பையில் போடு, பத்தாவதை மட்டும் விடு, அத்தை பேரை மேலே போட்டு உன் பேரைக் கீழே போடு. உன் அம்மா இருந்தால் பத்தும் நல்லா இருக்கு என்றிருப்பாள், அவளுக்குக் காது கிடையாது, பிள்ளைதான் உண்டு.

இன்னொன்று. நடுவில் அத்தை அழுகையை நிறுத்துகிறாள் அல்லவா, அங்கே ஒன்றும் இல்லை என்று நினைத்துக் கிட்டாரைப் போட்டு நிரப்பியிருக்கிறாய். அது ஒன்றும் இல்லாத இடம் இல்லை. பிள்ளை கிளம்பிவிட்டானா என்று அவள் கண்ணாலேயே என்னைக் கேட்ட இடம். நான் இல்லை என்று தலையாட்டினேன், தலையாட்டுவது ரெக்கார்டில் விழாது. அந்தக் கிட்டாரை எடுத்துவிடு.

நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு, காதை மட்டும் கொஞ்சம் தீட்டிக்கொள். தை மாதம் அம்மாவுக்கு முதல் வருஷத் திதி, மறந்துவிடாதே, டிக்கெட்டை இப்போதே எடு. இந்தத் தடவை நீ வருகிற வரைக்கும் படையலை எடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா கண்ணுசாமி
இடது கைப் பெருவிரல் ரேகை