கட்டம் பதினொன்று

மார்ச் 4
எண்ணெய், எரிவாயுக் குத்தகைக்கு இந்த முறை பதினெட்டு நிலக் கட்டங்கள். பட்டியல் காலையில் என் மேசைக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம் போட வேண்டும். இருபத்திரண்டு வருடமாகச் செய்கிற வேலை, கை தானாக ஓடும். பதினொன்றில் நின்றுவிட்டது. அந்த ஓடை வளைகிற இடம் எனக்குத் தெரியும். அண்ணனின் நாற்றுப் பண்ணை அங்கேதான் இருக்கிறது.

மேல்மண் அவனுடையது. அடியில் கிடப்பது அரசாங்கத்துடையது. பத்திரத்தில் ஒரே ஒரு வரி. வாங்குகிற அவசரத்தில் யாரும் நின்று படிப்பதில்லை. அரசாங்கம் தன் பங்கைக் குத்தகைக்கு விட்டால், துளை போட வருகிறவனுக்கு அண்ணன் வழி விட்டே ஆக வேண்டும். அவனுக்கு இது தெரியுமா? அறிவிப்பு வெளிவரும்வரை நான் வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

மார்ச் 9
ஞாயிறு. மதியச் சாப்பாடு அண்ணன் வீட்டில். பண்ணையில் புதிதாக நிழல்வலை கட்டியிருக்கிறான். கல்யாணப் பந்தல் மாதிரி பெருமையாகச் சுற்றிக் காட்டினான்.

“என்ன, வந்ததுலேர்ந்து உம்முனு இருக்க? வீட்ல சண்டையா?” என்றாள் அண்ணி. தலைவலி என்றேன். தைலத்தை எடுத்துவந்து அவளே தேய்த்துவிட்டாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

மார்ச் 12
குடிநீர்க் கிணற்றிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் துளை போடக் கூடாது. ஆனால் கட்டம் பதினொன்றில் ஒரு கிணறுகூட இல்லை என்கிறது என் வரைபடம். ஞாயிற்றுக்கிழமை நான் குடித்த தண்ணீர் எங்கிருந்து வந்ததாம்?

எங்களுக்குக் கொடுத்தது பதினைந்து வருடப் பழைய கணக்கெடுப்பு. போன வருடம் எடுத்த புதியது அலமாரியில் தூங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதினொன்று முதல் பதினான்கு வரை நாற்பத்தொரு கிணறுகள் விடுபட்டிருக்கின்றன.

பிரிவுத் தலைவரிடம் போனேன். எதைக் கேட்டாலும் “ஆகட்டும்” என்பார். அதனால் அவர் பெயரே எங்களுக்குள் ஆகட்டும். இன்று சொல்லவில்லை.

“புதுசுக்கு இன்னும் ஒப்புதல் வரல மேடம். பழசையே போடுங்க.”

“கிணறு இருக்கு சார். நானே பாத்திருக்கேன்.”

“நீங்க பாத்ததுக்கு ஃபைல்ல இடம் இல்லையே!”

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மார்ச் 20
அறிவிப்பு வந்துவிட்டது. எங்கே? அரசிதழில் எட்டாம் பக்கத்தில். அப்புறம் எங்கள் அலுவலகப் பலகையில் — கேன்டீன் நேரத்துக்கும் காணாமல்போன குடைக்கும் நடுவில். ஆட்சேபம் சொல்ல முப்பது நாள்.

இனி விதி என் வாயைக் கட்டவில்லை. போனை மூன்று தடவை எடுத்தேன். அவன் முதலில் என்ன கேட்பான் என்று தெரியும். மேப் யார் போட்டது?

ஏப்ரல் 2
இன்றும் அண்ணனைக் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 14
அண்ணியே கூப்பிட்டாள். முழங்கால் வலி, பக்கத்து வீட்டு நாய், எல்லாம் பேசினோம். பத்து நிமிடம். இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது, அது மட்டும் வாயில் வரவில்லை. சீ, என்ன ஜென்மம் நான்.

ஏப்ரல் 21
அண்ணன் அலுவலகத்துக்கு வந்தான்.

நேற்று எண்ணெய்க் கம்பெனி ஆள் ஒருவர் பண்ணையைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறார். அப்போதுதான் அவனுக்கு விஷயமே தெரியும். ராவோடு ராவாக மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறான். சனிக்கிழமையே கெடு முடிந்தது என்று கவுண்டரில் திருப்பிவிட்டார்கள். என்னைத் தேடி மாடிக்கு வந்தான். உதவி கேட்கத்தான் வந்தான். வரைபடம் மேசைமேல் விரித்துக் கிடந்தது.

தன் ஓடையை விரலால் தொட்டுக்கொண்டே போனான். மூலையில் என் கையெழுத்தில் விரல் நின்றது.

“கிணறு எங்க?”

நான் வரைபடத்தைச் சுருட்டப் போனேன்.

“முப்பது நாள் இருந்துச்சாமே. அந்த முப்பது நாளும் நீ என் தங்கச்சியாத்தான இருந்த?”

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டான். மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

ஏப்ரல் 22
வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “இப்ப போய் வாயத் திறந்தா மாட்டப்போறது நீதான்” என்றார்.

அது எனக்குத் தெரியாதா? விதி, கெடு, ஒப்புதல் — எல்லாம் சாக்கு. எனக்குப் பயம். அவ்வளவுதான்.

ஏப்ரல் 24
ஆட்சேபத்துக்குத்தான் கெடு. வரைபடத்தில் பிழை இருந்தால், போட்டவர் ஏலத்துக்கு முன் எப்போது வேண்டுமானாலும் எழுதித் தரலாம். இத்தனை வருடத்தில் யாரும் தந்ததில்லை. எழுதினேன்: ‘11 முதல் 14 வரையுள்ள கட்டங்களில் நாற்பத்தொரு குடிநீர்க் கிணறுகள் விடுபட்டுள்ளன. தெரிந்தே கையெழுத்திட்டேன்.’ புதிய கணக்கெடுப்பின் நகலை இணைத்தேன்.

ஆகட்டும் இரண்டு தடவை படித்தார். “தெரிந்தே-ங்கிற வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க மேடம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அதை எடுத்தால் அவருக்கும் நல்லதுதான். எடுக்கவில்லை.

மே 6
ஏலம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பத்தாம் கட்டம் முடிந்ததும் ஏலம் விடுபவர் தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்: “பதினொன்று முதல் பதினான்கு வரை, மறு அளவை முடியும்வரை நிறுத்திவைக்கப்படுகின்றன.” நான் மூச்சு விடுவதற்குள் பதினைந்துக்குப் போய்விட்டார்.

பதினைந்து போனது. பதினாறும் போனது. அங்கேயும் யாரோ ஒருத்தியின் அண்ணன் இருப்பான். அந்த வரைபடங்களையும் நான்தான் போட்டேன்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

மே 13
ஆகட்டுமிடம் கேள்வி இல்லை. எனக்குத்தான் மெமோ. வரைபடப் பிரிவிலிருந்து எடுத்து மறு அளவைக் குழுவில் போட்டிருக்கிறார்கள். ஐம்பத்தொரு வயதில் கிணறு கிணறாக வெயிலில் அலையட்டும் என்று.

ஜூன் 10
இன்று அண்ணன் பண்ணை. உடன் வர வேண்டியவர் லீவு. நாடாவின் ஒரு முனையை யாராவது பிடித்தாக வேண்டும். அண்ணிக்கு முழங்கால் வலி. அண்ணன் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. எடை கட்டிய நாடாவைக் கிணற்றில் இறக்கினான். தண்ணீரைத் தொட்டதும் குனிந்து நாடாவில் அடிக்கணக்கைப் பார்த்தான்.

“அறுபத்திரண்டு.”

ஏப்ரலுக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. எழுதினேன்.

“நோட்டக் காட்டு.”

காட்டினேன். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நான் எழுதியதை எழுத்தெழுத்தாகப் படித்தான். நோட்டைத் திருப்பித் தந்தான்.

“இன்னொரு தடவ அளக்கலாம்” என்றான்.

அளந்தோம். அறுபத்திரண்டுதான்.