சாலையைக் கடக்கும் நேரம்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

இங்கே நாற்சந்தியில் மேம்பாலம் வேண்டுமா, நடைபாதை வேண்டுமா என்று பசுமைக் கட்சிக்காரர்களும் மற்ற கட்சிக்காரர்களும் மல்லுக்கட்டுகிறார்கள். எதைக் கட்டுவது என்று முடிவு செய்ய எங்கள் அலுவலகம் கணக்கெடுக்கிறது; நான் ஓரமாக நாற்காலி போட்டு, நடந்து கடப்பவர்களை எண்ணுகிறேன். நேற்று உன்னைப் போலவே காலை இழுத்து நடந்த ஒரு அம்மா பாதிச் சாலையில் இருக்கும்போதே சிக்னல் மாறிவிட்டது. எண்ணுவதை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கைபிடித்து அழைத்து வந்தேன்.

மேலதிகாரி பொரிந்து தள்ளினார். பிறகு, "அந்தம்மாவுக்கு எத்தனை செகண்ட் ஆச்சு?" என்றார்.

"நாப்பது சார். சிக்னல் இருபதுதான்."

"இத்தனை நாளா தலையை எண்ணினோம், காலைப் பாக்கலையே!"

இனி கடக்க ஆகும் நேரத்தையும் அளக்க வேண்டுமாம். நம் வீட்டெதிர்ச் சாலையைக் கடக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? அப்பாவைக் கடிகாரம் பார்க்கச் சொல்லி எழுது.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபடி எழுதுகிறேன்; இதோ வந்துவிட்டது. மெதுவாகவே நட, அம்மா. கைபிடிக்க நான் அங்கே இல்லை.

உன் மகள்