பரீட்சை முடியட்டும்

பைன் ஃபோர்க், கென்டக்கி
அக்டோபர் 5, 1986

என் செல்ல மகள் ரோவீனாவுக்கு,

இது அம்மா எழுதியது இல்லை. அப்பா! நானே! அறுபத்தெட்டு வயதில் நூலகத்து வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். சுரங்கத்தில் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டவன், இப்போது சூப் டப்பாவைக்கூட விடாமல் படிக்கிறேன். அம்மா பக்கத்தில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டே, "நீங்க ஒரு வரி எழுதறதுக்குள்ள பொண்ணு டாக்டராவே ஆயிடுவா போல" என்கிறாள். நீ எப்போது டாக்டர் ஆவாய்? விவரமாக எழுது. நானே படிப்பேன்.

உன் அப்பா,
ஹோபர்ட்


லெக்சிங்டன்
அக்டோபர் 14, 1986

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை விடுதி முழுக்கக் காட்டிவிட்டேன். அழுதேன் என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

திட்டம் இதுதான். இந்தப் பருவத்தில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் இயற்பியலும். அடுத்ததில் உயிர்வேதியியல். பிறகு மருத்துவ நுழைவுத் தேர்வு. போன வருடம் வேதியியலில் 'சி' வாங்கியதால் இந்த முறை 'ஏ' வாங்கியே ஆக வேண்டும். கல்லூரி ஆலோசகர் கண்டிப்பாகச் சொன்னார்: "என்ன ஆனாலும் பாடத்தை நடுவுல விட்டுடாதம்மா. 'விலகினார்'னு மதிப்பெண் பட்டியல்ல ஏறிடும். சாகுற வரைக்கும் அழியாது." கடைசிப் பரீட்சை டிசம்பர் 16. அதுவரை மூச்சுவிட நேரமில்லை.

அன்புடன்,
ரோவீனா


பைன் ஃபோர்க்
டிசம்பர் 9, 1986

என் கண்ணு,

போன கடிதத்தில் அம்மா ஏன் வழக்கம்போலக் கீழே இரண்டு வரி சேர்க்கவில்லை என்று கேட்டிருந்தாய். அவளுக்குச் சளி. படுத்திருக்கிறாள். பெரிதாக ஒன்றுமில்லை. நீ வர வேண்டாம். போன் செய்யாதே, பனியில் கம்பி அறுந்து கிடக்கிறது. "பொண்ணு வர்றாளா?" என்று கேட்டாள். "பரீட்சை முடியட்டும்" என்று சொல்லியிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா


லெக்சிங்டன்
ஜனவரி 20, 1987

அப்பாவுக்கு,

அடக்கம் முடிந்ததும் பேசாமல் கிளம்பிவிட்டேன். பேசியிருந்தால் கத்தியிருப்பேன்.

பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் பையோடு கதவைத் திறக்கிறேன், கூடத்தில் சவப்பெட்டி. அம்மா நிமோனியாவில் கிடந்த நாளெல்லாம் நான் இங்கே மூலக்கூறு வரைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

நேற்று வேதியியல் பேராசிரியரிடம் சொன்னேன். பதறிவிட்டார். "அப்பவே ஏம்மா சொல்லல? 'முடிக்கவில்லை'ன்னு போட்டுட்டு ஜனவரியில பரீட்சை வெச்சிருப்பேனே. ஒருத்தரும் குறையா நினைக்க மாட்டாங்க." பாடத்தை விட்டு விலகுவது வேறு, பரீட்சையைத் தள்ளிப்போடுவது வேறு, அப்பா. எனக்கும் அது தெரியாது. ஆனால் நான் கேட்டிருப்பேன்.

'ஏ' வந்திருக்கிறது.

இனி எனக்காக எதையும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

ரோவீனா


பைன் ஃபோர்க்
ஏப்ரல் 26, 1987

மகள் ரோவீனாவுக்கு,

நான் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. உன் கோபம் நியாயம்தான். பட்டியலில் ஏறினால் சாகும்வரை அழியாது என்று நீ எழுதியிருந்தாய்; எழுதி வைத்தது எதுவும் மாறாது என்று நினைத்தேன். புதிதாகப் படிக்கக் கற்றவன், அப்படியே நம்பிவிட்டேன். உன் அம்மா கடைசி நாளும் வாசலையே பார்த்தாள். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

சுரங்கத் தூசி என் நுரையீரலைத் தின்றுவிட்டது. ஆக்ஸிஜன் குழாயோடு உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஒரு தரம் நிறுத்த வேண்டியிருக்கிறது. டாக்டர், "கோடையைத் தாண்டறது கஷ்டம், ஹோபர்ட்" என்றார்.

அடுத்த வாரம் உனக்கு உயிர்வேதியியல் பரீட்சை என்று தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன். வருவதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய்துகொள்.

அப்பா