2317ஆம் பதிவு

பரந்தன்
12.09.2025

அன்பின் அருந்ததி,

நானும் அம்மாவும் சுகம். அந்தக் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிடமாட்டாய் என்று தெரியும். சுகம் கேட்டு உன்னைப் பொய் சொல்ல வைக்கவில்லை.

நீ தந்த முகநூல் பதிவுகள் நாலாயிரத்தையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் 'தேடல்', 'இறப்பு', 'வேறு' என்று ஏதோ ஒன்றைப் போட்டு முடித்தேன். இதைப் பார்த்துத்தான் உன் கணினி படிக்கப்போகிறதாம். அந்தச் சனியனுக்கு என்ன விளங்குமோ! பத்தாம் ஆண்டில் என் கணக்கெல்லாம் நீதானே செய்து தந்தாய், அதற்காகச் செய்தேன்.

வவுனியாவிலிருந்து பிரதாபனும் அதே பதிவுகளுக்குத் தனியாகப் போட்டான். நாங்கள் இருவரும் ஒத்துவராதவற்றை நீ தீர்க்க வேண்டும். நேற்று நீ அனுப்பிய அந்தப் பட்டியலில் 2317ஆம் பதிவு இருக்கிறது.

"மகன், உன்ர நீலச் சேட்டு அலுமாரியிலதான் இருக்கு. நீ வரேக்க அளவு காணுமோ தெரியேல்லை."

பெயரை நீக்கித்தான் தந்தாய். என் அம்மா எழுதுகிற விதம் எனக்குத் தெரியாதா? பிரதாபன் 'தேடல்' போட்டிருக்கிறான். நான் 'இறப்பு' போட்டேன்.

அவசரத்தில் அல்ல, தெரிந்துதான் போட்டேன். கிருபன் அண்ணா காணாமல் போய்ப் பதினாறு வருடம். இந்த வீட்டில் அவருக்குத் திவசம் செய்ததில்லை, படத்துக்கு மாலை போட்டதில்லை. குடும்ப விபரம் எழுத வருகிறவர்களிடம், மூத்தவன் வெளிநாட்டில நிக்கிறான் என்று அம்மா சொல்லுவா. நானும் தலையாட்டுவேன். அண்ணா இல்லை என்று இதுவரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. 'இறப்பு' போட்ட அன்றைக்குத்தான் முதல்முறை சொன்னேன், அதுவும் ஒரு கணினிக்கு. அழுதேன். பிறகு முகம் கழுவிவிட்டு அடுத்த பதிவைப் பார்த்தேன்.

கார்த்திகையில் நீ கிளிநொச்சிக்கு வந்து, பதிவு தந்த குடும்பங்களுக்கு அவரவர் பதிவையும் அதன் முடிவையும் காட்டப்போகிறாய். அம்மா இப்போதே சேலை எடுத்து வைத்துவிட்டா. "அருந்ததி படிச்ச பிள்ளை, கண்டுபிடிச்சுத் தருவாள்" என்கிறா. நீ அண்ணாவைத் தேடுவதாகவே நினைத்திருக்கிறா. எத்தனையோ தரம் விளங்கப்படுத்திப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதிவில் இருப்பதை மட்டும் பார், உனக்குத் தெரிந்ததைப் போடாதே என்பது நீ எழுதித் தந்த விதி. அதன்படி நான் போட்டது பிழைதான். ஆனால் என்னையே மாற்றச் சொல்லாதே. மறுபடி தலையாட்ட எனக்கு ஏலாது.

உன் ஆராய்ச்சி நல்லபடி முடியட்டும், நீ நல்லாயிருப்பாய். அம்மா காண முதல், பிரதாபன் சரி, கஜனி பிழை என்று நீயே எழுதிவிடு.

உன் தோழி,
கஜனி