கட்டைக் காளை வாங்கிய கதை

இன்று காலை என் மகள் பருத்திக்கொட்டை ஆட்டினாள். அந்தப் பால் வாசம் மூக்கில் ஏறியதும் உம் நினைப்பு வந்துவிட்டது. மற்றவர்களை நினைக்கச் சாம்பிராணி வாசம் வரும்; உமக்கு மாட்டுத் தீனி வாசம்தான் வாய்த்திருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்.

நம்மிடம் ஆளுக்கு ஒரு காளைதான். இரண்டையும் ஒரே ஏரில் பூட்டி, மழை பெய்த மறுநாள் உம் புஞ்சை, அதற்கடுத்த நாள் என் புஞ்சை என்று கூட்டேர் கட்டிப் பிழைத்தோம். உம் காளை இழுக்கும்; என் காளை கூட வரும். வெயில் ஏறினால் அதுவும் வராது, உழுத சாலிலேயே படுத்துவிடும். வளர்த்தவனைப் போலவே இருக்கிறது என்று என் வீட்டில் சொல்வார்கள். என்னால் மறுக்க முடிந்ததில்லை.

இரண்டு வருஷம் மழை பொய்த்ததே, அப்போது உம் காளை செத்தது. உழைத்தது போனது; என்னுடையது படுத்தே பிழைத்துக்கொண்டது. மாடு செத்தவர்களுக்குச் சர்க்கார் உதவி தருவதாகத் தண்டோரா போட்டார்கள். விசாரிக்க வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர், வேப்பமரத்தடியில் கால் நீட்டிக் கிடந்த என் மாட்டைப் பார்த்ததும் துண்டால் மூக்கைப் பொத்தினார். இதுவும் போச்சா என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் நீர் சொன்னீர்:

"இல்லங்கய்யா. அது உசுரோட இருக்கதே அப்படித்தான்."

உமக்கு உதவி கிடைத்தது. எனக்கு அதில் வருத்தமில்லை, பயம்தான். பனவடலிசத்திரத்தில் உம் மைத்துனரிடமும் ஒற்றைக் காளை, நல்ல உயரம், நல்ல நடை. அதற்குச் சோடியாக ஒன்றை வாங்கி அவரோடு ஏர் கட்டச் சொல்லி மதினியின் பிறந்த வீட்டார் உம்மை நெருக்கியது எனக்குத் தெரியும். நீர் அந்தப் பக்கம் போனால் என் புஞ்சை தரிசுதான். பிள்ளைகளுக்குக் கஞ்சி எங்கிருந்து வரும்?

சங்கரன்கோவில் மாட்டுச் சந்தைக்கு என்னையும் கூட்டிப் போனீர். நான் பேசாமல் நடந்தது என் ஆயுளில் அந்த வழி மட்டும்தான். உயரமான காளைகளைத் தட்டிப் பார்த்தீர், பல்லைப் பிடித்துப் பார்த்தீர், நகர்ந்துவிட்டீர். கடைசியில் ஒரு கட்டைக் காளையிடம் நின்று, அதன் திமில் உம் நெஞ்சில் எங்கே தொடுகிறது என்று பார்த்தீர். என் மாட்டின் உயரம். தரகர் தலையில் அடித்துக்கொண்டார்.

"சர்க்கார் துட்டு கையில இருக்கு. இதப் போயா புடிக்கீரு, அண்ணாச்சி?"

"இவரு வீட்டுல ஒண்ணு படுத்துக் கெடக்கு. அது கூட நடக்கணும்லா" என்றீர்.

திரும்பி வரும்போது நான் வாயை மூடவில்லை. பாதி வழியில் நீர், "ஏம்வே, போகும்போது இருந்தீரே, அப்படியே வாரும்வே" என்று கெஞ்சினீர்.

நீர் கண்ணை மூடிய பிறகு மதினி அந்தக் காளையை என் தொழுவத்தில் கொண்டுவந்து கட்டிவிட்டார். முந்தாநாள் நல்ல மழை. நேற்று விடிந்ததும் என் மகன் ஏரைப் பூட்டி எங்கள் புஞ்சைப் பக்கம் திருப்பினான். இரண்டு மாடும் இப்போது நம்மிடம்தானே, ஈரம் காய்வதற்குள் நம்முடையதை முடிப்போம் என்றான். வழியில் உம் வரப்பு வந்ததும் இரண்டு காளைகளும் தாமாகவே இறங்கிவிட்டன. மகன் கையிலிருந்து மேழியை நான் வாங்கிக்கொண்டேன்.

உம் புஞ்சை முடியும்வரை என் மாடு படுக்கவில்லை. நீர் நம்பமாட்டீர். மதினி சாட்சி.